பெயருக்கு முன்னும் பின்னும்: பிரெஞ்சு, ஆங்கிலப் பெயர்த்தொடர்களின் கதை

அமெரிக்க அதிபரின் மாளிகையை ஆங்கிலம் 'ஒயிட் ஹவுஸ்' என்கிறது. பிரெஞ்சு 'மெசோன் பிளான்ஷ்' என்கிறது. ஆங்கிலத்தில் வெண்மை முன்னால், வீடு பின்னால். பிரெஞ்சில் வீடு முன்னால், வெண்மை பின்னால். பள்ளிப் பாடநூல்கள் இதை ஒரு வரி விதியாகச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். அந்த விதிக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. பிரெஞ்சு ஒரு காலத்தில் வண்ணப் பெயரடைகளையும் தயங்காமல் முன்னால் நிறுத்திய மொழி. ஆங்கிலமோ, பிரெஞ்சு பேசிய ஆட்சியாளர்களிடம் பெயரடையைப் பின்னால் வைக்கக் கற்றுக்கொண்டு, அந்தப் பழக்கத்தை நீதிமன்ற வளாகத்தில் இன்றுவரை காப்பாற்றி வரும் மொழி.

பெயர்ச்சொல், அதோடு சேர்ந்து வரும் ஆர்ட்டிகிள், பெயரடை, எண்ணுப்பெயர், உடைமைச் சொல் எல்லாம் சேர்ந்த கூட்டத்தை இலக்கண நூல்கள் பெயர்த்தொடர் என்கின்றன. பிரெஞ்சின் தாயான லத்தீனில் இந்தக் கூட்டத்துக்கு வரிசைக் கட்டுப்பாடு குறைவு. ஆர்ட்டிகிள் கிடையவே கிடையாது. ஒவ்வொரு சொல்லின் ஈற்றிலும் வேற்றுமை உருபு இருந்ததால் பெயரடை முன்னே வரலாம், பின்னே வரலாம், நடுவில் வேறு சொல் புகுந்து இரண்டையும் பிரிக்கவும் செய்யலாம். பேரரசின் பிற்காலப் பேச்சுவழக்கில் ஈற்று ஒலிகள் தேயத் தொடங்கின. உருபுகள் கழன்ற இடத்துக்கு வேறு சொற்கள் வந்து சேர்ந்தன. 'அந்த' என்று பொருள்படும் 'இல்லே', 'இல்லா' ஆகிய சுட்டுகள் தேய்ந்து 'ல', 'லா' ஆயின. 'ஒன்று' எனப்படும் 'ஊனுஸ்' தேய்ந்து 'அன்' ஆயிற்று.

ஆங்கிலக் கால்வாய்க்கு அப்பால் ஆங்கிலமும் தன் போக்கில் இதையே செய்தது. பழைய சுட்டுச்சொல் 'தி' ஆனது. 'ஒன்று' என்ற பொருள் கொண்ட 'ஆன்', இன்றைய 'அ', 'அன்' ஆனது. தமிழிடமும் இதே சரக்கு இருக்கிறது: 'அந்த', 'ஒரு'. தமிழ் அவற்றைத் தேவைப்பட்டபோது மட்டும் எடுத்துக்கொள்கிறது. பிரெஞ்சும் ஆங்கிலமும் அவற்றைக் கட்டாயமாக்கின, அதிலும் பிரெஞ்சு ஆங்கிலத்தைவிடக் கறாராக.

அந்தக் கறாருக்குக் காரணம் உச்சரிப்பு. பிரெஞ்சுப் பன்மையின் 'ஸ்' இடைக்காலத்தில் படிப்படியாக ஒலி இழந்து எழுத்தில் மட்டும் நின்றுபோனது. புத்தகம், புத்தகங்கள் இரண்டுமே காதுக்கு 'லீவ்ர்' தான். 'ல லீவ்ர்' என்றால் ஒன்று, 'லே லீவ்ர்' என்றால் பல. ஒருமையா பன்மையா, ஆண்பாலா பெண்பாலா என்று சொல்லும் வேலை முழுக்க ஆர்ட்டிகிளின் தலையில் விழுந்தபின் அதை விட்டுவிட்டுப் பேச முடியாது. ஆங்கிலத்தில் பன்மை 'ஸ்' இன்றும் காதில் விழுகிறது. பால் வேறுபாடும் ஒழிந்துவிட்டது. அதனால் 'ஐ லைக் டீ' என்று ஆர்ட்டிகிளே இல்லாமல் சொல்லலாம். பிரெஞ்சுக்காரர் 'எனக்கு அந்தத் தேநீர் பிடிக்கும்' என்கிற அமைப்பில்தான் பொதுவாகத் தேநீர் பிடிக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் ரொட்டி வாங்கி வா என்று சொல்லவும் 'தியூ பான்' என்று பகுதியைக் குறிக்கும் தனி ஆர்ட்டிகிள் வேண்டும். பழைய பிரெஞ்சில் அபூர்வமாக இருந்த இந்த மூன்றாவது ஆர்ட்டிகிள், 14-ஆம் நூற்றாண்டுக்குப் பின் பரவி, மெல்ல விதியாகவே ஆகிவிட்டது.

லத்தீனின் ஆறு வேற்றுமைகளில் இரண்டு மட்டும் பழைய பிரெஞ்சில் சில நூற்றாண்டுகள் உயிரோடு இருந்தன. எழுவாய்க்கு ஒரு வடிவம், மற்ற எல்லாவற்றுக்கும் இன்னொரு வடிவம். சுவர் எழுவாயாக நின்றால் ஈற்றில் 'ஸ்' வரும், செயப்படுபொருளானால் வராது. பன்மையில் இது அப்படியே தலைகீழ். இப்படி ஒரு ஏற்பாடு நீடிப்பது கடினம். 14-ஆம் நூற்றாண்டில் அது சிதைந்துபோயிற்று. பெரும்பாலும் எழுவாய் வடிவம் மறைந்து மற்றது நிலைத்தது. சில சொற்களில் இரண்டும் தப்பிப் பிழைத்து இரண்டு தனிச் சொற்களாகப் பிரிந்தன. மனிதனைக் குறிக்கும் 'ஓம்', 'யாரோ ஒருவர்' என்று பொதுப்படச் சொல்ல இன்றைய பிரெஞ்சில் ஓயாமல் வரும் 'ஓன்' இரண்டும் ஒரே லத்தீன் பெயரின் இரு வேற்றுமைகள்.

அந்த இருவேற்றுமைக் காலத்தில் உடைமையைக் காட்டும் முறை தமிழருக்குப் பழக்கமானது. 'அரசன் மகள்' என்பதில் உருபு மறைந்து நிற்பதைத் தமிழ் இலக்கணம் வேற்றுமைத்தொகை என்கிறது. பழைய பிரெஞ்சிலும் முன்னிடைச்சொல் எதுவும் இல்லாமல் 'மகள் அரசன்' என்று இரண்டு பெயரை ஒட்டவைத்தால் போதும்; அரசனின் மகள் என்று பொருள். உடையவர் மனிதராகவோ கடவுளாகவோ இருக்க வேண்டும் என்பது வழக்கம். ஒரு குதிரையின் வாலுக்கு இந்த மரியாதை கிடைக்காது. அங்கே 'த' என்ற முன்னிடைச்சொல் வந்தாக வேண்டும். பிறகு எல்லா இடத்திலும் 'த' புகுந்துவிட்டது. பழைய முறை இடப்பெயர்களில் மட்டும் தங்கியது. பாரிஸுக்குத் தெற்கே உள்ள பூர்-லா-ரென், சொல்லுக்குச் சொல் 'ஊர் அரசி', அதாவது அரசியின் ஊர். பாரிஸ் நகரின் பழம்பெரும் மருத்துவமனையான ஒத்தெல்-தியே 'இல்லம் கடவுள்', அதாவது கடவுளின் இல்லம். தெருப் பெயர்களில் இன்றும் ஆள் பெயர் எந்த ஒட்டும் இல்லாமல் பின்னால் நிற்கிறது. புதுச்சேரியின் நீலப் பெயர்ப்பலகைகளில் பிரெஞ்சு வரி 'ரூ' என்று தெருவில் தொடங்கி ஆள் பெயரில் முடியும். தமிழ் வரி ஆள் பெயரில் தொடங்கி 'வீதி'யில் முடியும்.

பெயரடை எங்கே நின்றது என்பதற்கும் ஊர்ப் பெயர்களே நல்ல சாட்சி. 5-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிராங்குகள் என்ற ஜெர்மானியர் வட பிரான்சில் ஆட்சியைப் பிடித்தார்கள். அவர்களுடைய மொழியில், ஆங்கிலத்தைப் போலவே, அடைமொழி முன்னால் வரும். வடக்கே புது ஊருக்கு நேவில், புதுக் கோட்டைக்கு நேஷத்தோ என்று பெயர் விழுந்தது: 'புது' முன்னால். தெற்கே அதே பொருளில் வில்நேவ், ஷத்தோநேஃப்: 'புது' பின்னால். வடக்கிலும் வில்நேவ்கள் உண்டு என்பதால் வரைபடத்தில் கோடு கிழித்துக் காட்ட முடியாது. ஆனாலும் போக்கு தெளிவாகத் தெரிகிறது. சோம் ஆற்றங்கரையில் உள்ள அப்வில், 'மடாதிபதியின் பண்ணை'; உடையவர் பெயர் முன்னால் வந்திருக்கிறது. பாரிஸ் பிரெஞ்சு பின்னாளில் எழுத்துமொழியாக வளர்ந்தபோது முன்வரிசை படிப்படியாகச் சுருங்கி, பெயரடை பின்னால் வருவதே பொதுவழக்காக ஆயிற்று. அழகு, நன்மை, பெரிது, சிறிது, இளமை, முதுமை, புதுமை என்று அடிக்கடி புழங்கும் ஒரு சிறு கூட்டம் மட்டும் பழைய இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

பாட்டியைக் குறிக்கும் 'கிரான்மேர்' என்ற சொல்லிலும் ஒரு பழமை ஒளிந்திருக்கிறது. 'மேர்' பெண்பால், ஆகவே 'பெரிய' என்ற பெயரடையும் பெண்பால் வடிவம் எடுத்து 'கிரான்த்' என்று வந்திருக்க வேண்டும். ஆனால் பழைய பிரெஞ்சில் இந்தப் பெயரடைக்கு இரு பாலுக்கும் ஒரே வடிவம்தான். பின்னால் வந்த இலக்கணக்காரர்கள் ஏதோ ஓர் எழுத்து விடுபட்டதாக நினைத்து நடுவில் ஒரு மேற்குறியைப் போட்டார்கள். விடுபடாத எழுத்துக்கு வைத்த அந்தக் குறி 20-ஆம் நூற்றாண்டு வரை அச்சில் இருந்தது.

இனி ஆங்கிலத்தின் பக்கம். 1066-இல் ஹேஸ்டிங்ஸ் போரில் நார்மண்டியின் வில்லியம் வென்றபோது ஆங்கிலத்துக்கு நான்கு வேற்றுமையும் மூன்று பாலும் இருந்தன; பெயரடைக்கு இரண்டு வகை ஈறுகள் வேறு. வடக்கே குடியேறிய வைக்கிங்குகளோடு கலந்து பேசியதில் அவை ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்தன. அடுத்த முந்நூறு ஆண்டுகளில் ஏறக்குறைய அனைத்தும் உதிர்ந்தன. உடைமை உருபு ஒன்று மட்டும் மிஞ்சியது. அதற்கும் போட்டியாக 'ஆஃப்' வந்தது. வெற்றிக்கு முன் உடைமையைக் காட்ட 'ஆஃப்' பயன்பட்டது நூற்றுக்கு ஒன்று கூட இருக்காது. 14-ஆம் நூற்றாண்டு உரைநடையில் ஐந்தில் நான்குக்கு மேல் அதுவே. பிரெஞ்சின் 'த' இதற்குத் தூண்டுகோல் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. உருபுகள் உதிர்ந்த பின் ஆங்கிலத்துக்கே அது தேவைப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மிஞ்சிய அந்த ஓர் உருபு ஒரு விசித்திரமான வழியில் வளர்ந்தது. இங்கிலாந்து அரசனின் மகள் என்று சொல்ல, இடைக்கால ஆங்கிலத்தில் 'அரசனின் மகள் இங்கிலாந்தின்' என்று தொடரைப் பிளந்து சொல்வார்கள். உருபு அரசனோடு மட்டுமே ஒட்டும். 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் அது அரசனை விட்டு நகர்ந்து தொடரின் கடைசியில், 'இங்கிலாந்து' என்ற சொல்லின் வாலில் போய் ஒட்டிக்கொண்டது. பெயரின் உருபாக இருந்தது பெயர்த்தொடர் முழுவதற்குமான உருபாயிற்று. பிரெஞ்சில் இதற்கு இணையே இல்லை. அந்த உருபுக்கு முன்னால் ஆங்கிலம் இன்று போடும் மேற்குறியோ பிரெஞ்சு அச்சகங்களிலிருந்து வந்த சரக்கு. 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கில அச்சில் புகுந்து, உடைமைக் குறியாக நிலைபெற 18-ஆம் நூற்றாண்டு ஆயிற்று.

நார்மன் வெற்றியின் அழுத்தமான தடம் பதிந்தது சட்டத்தில். அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சில் நடந்தன. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1535 வரை வந்த வழக்குக் குறிப்புகளான ஆண்டுநூல்கள் முழுக்க சட்டப் பிரெஞ்சில் எழுதப்பட்டவை. அங்கிருந்து பதவிப் பெயர்களும் உரிமைப் பெயர்களும் பிரெஞ்சு வரிசை மாறாமல் ஆங்கிலத்துக்குள் வந்தன: அட்டர்னி ஜெனரல், நோட்டரி பப்ளிக், கோர்ட் மார்ஷல், ஏர் அப்பேரன்ட், ஃபீ சிம்பிள், லெட்டர்ஸ் பேட்டன்ட். எல்லாவற்றிலும் பெயர் முன்னால், அடை பின்னால். பல அட்டர்னி ஜெனரல்களைச் சொல்ல வேண்டுமானால் முறையான ஆங்கிலத்தில் 'அட்டர்னீஸ் ஜெனரல்' என்று முதல் சொல்லுக்குத்தான் பன்மை. 16, 17-ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் 'லெட்டர்ஸ் பேட்டன்ட்ஸ்' என்று பெயரடைக்கும் பன்மை 'ஸ்' போட்டிருப்பதைப் பார்க்கலாம். பெயருக்கு ஏற்பப் பெயரடையும் எண் மாறும் பிரெஞ்சு வழக்கம் அது. ஆங்கிலப் பெயரடை அதற்குள் எல்லா ஈறுகளையும் இழந்திருந்தது.

1362-இல் மூன்றாம் எட்வர்ட் காலத்தில் ஒரு சட்டம் வந்தது: பிரெஞ்சு மக்களுக்குத் தெரியாத மொழியாகிவிட்டது, வழக்குகளை இனி ஆங்கிலத்தில் வாதாட வேண்டும், பதிவு லத்தீனில் இருக்கட்டும் என்றது அது. அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டிருந்தது. வக்கீல்கள் வாயால் ஆங்கிலத்துக்கு மாறினார்கள், குறிப்பேட்டில் மாறவில்லை. தொழில் ரகசியமும் தொழில் கௌரவமும் சேர்ந்து இன்னும் மூன்று நூற்றாண்டுகள் அதை இழுத்துக்கொண்டு போயின.

அந்தப் பிரெஞ்சு கடைசியில் என்ன கதிக்கு ஆளானது என்பதை 1631-இல் சாலிஸ்பரியில் நடந்த ஒரு நிகழ்ச்சியின் குறிப்பில் காணலாம். தண்டனை பெற்ற கைதி ஒருவன் தலைமை நீதிபதி ரிச்சர்ட்சன் மீது செங்கல் துண்டை வீசினான், மயிரிழையில் தவறியது. உடனே குற்றச்சாட்டு எழுதி, அவன் வலக்கையை வெட்டித் தூக்குமரத்தில் அறைந்து, நீதிமன்றத்தின் கண்ணெதிரே அவனையும் தூக்கிலிட்டார்கள். இதைப் பதிவு செய்தவர் சட்டப் பிரெஞ்சில்தான் எழுதினார். ஆனால் செங்கல் துண்டுக்குப் பிரெஞ்சுச் சொல் கிடைக்காமல் 'பிரிக்பேட்' என்றே எழுதி, முன்னால் பிரெஞ்சு 'அன்' போட்டுவிட்டார். 'அவனுடைய வலக்கை' என்ற தொடரில் 'அவனுடைய' பிரெஞ்சு, 'வல' லத்தீன், 'கை' லத்தீன். 'கை' லத்தீனில் பெண்பால்; அவர் போட்ட உடைமைச் சொல்லும் பெயரடையும் ஆண்பால். வரிசை மட்டும் சுத்தமான ஆங்கிலம்: பெயரடை முன்னால், பெயர் பின்னால். மூன்று மொழியின் இலக்கணமும் மூன்றே சொல்லில் உடைந்து கிடக்கிறது. இந்த மொழியை ஒழிக்க குடியரசு ஆட்சி 1650-இல் சட்டம் போட்டது. 1660-இல் மன்னராட்சி திரும்பியதும் அது செல்லாமல் போயிற்று. இறுதியாக 1731-இல் நிறைவேறிய சட்டம் 1733 முதல் நீதிமன்றங்களை முழுக்க ஆங்கிலத்துக்கு மாற்றியது.

மொழி போனது, பதவிப் பெயர்கள் போகவில்லை. அவை கிழக்கிந்தியக் கம்பெனியோடு கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தன. 1773-இன் ஒழுங்குமுறைச் சட்டம் வங்காளத்துக்கு ஒரு கவர்னர் ஜெனரலை நியமித்தது. பின்னாளில் இந்தியா முழுவதற்குமானதாக மாறிய அந்தப் பதவியில் கடைசியாக இருந்தவர் ராஜாஜி. 1950 ஜனவரி 26 அன்று பதவியே முடிவுக்கு வந்தது. இது ராணுவ ஜெனரலைக் குறிப்பதல்ல: இங்கே 'ஜெனரல்' பெயரடை, 'பொதுவான, எல்லாவற்றுக்கும் மேலான' என்று பொருள். அரசமைப்புச் சட்டத்தின் 76-ஆம் பிரிவில் அட்டர்னி ஜெனரலும் 165-ஆம் பிரிவில் அட்வகேட் ஜெனரலும் அதே வரிசையில் நிற்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் 'நோட்டரி பப்ளிக்' பலகைகள் தொங்குவதும் அதன் தொடர்ச்சிதான். 'தலைமை வழக்குரைஞர்' என்று தமிழில் சொன்னதும் அடை தன்னால் முன்னுக்கு வந்துவிடுகிறது.

பிரான்சில் பெயர்த்தொடர் இன்றைய ஒழுங்குக்கு வந்தது 17-ஆம் நூற்றாண்டில். 1635-இல் ரிஷ்லியூ பிரெஞ்சு அகாதெமியை நிறுவினார். அதன் உறுப்பினரான வோழ்லா 1647-இல் மொழிக் குறிப்புகள் அடங்கிய நூலை வெளியிட்டார். அரசவையின் நல்ல வழக்கே அவருக்கு அளவுகோல். ஆர்ட்டிகிள் இல்லாத பெயருக்குப் பின்னால் 'எது', 'யார்' என்று தொடங்கும் இணைப்பு வாக்கியம் வரக்கூடாது என்பது அவர் சொன்ன விதி. ஒருவன் அம்படி பட்டான், அந்த அம்பு விஷம் தோய்ந்தது என்று சொல்ல வேண்டும். பிரெஞ்சில் 'அம்படி' என்ற தொகையில் அம்புக்கு ஆர்ட்டிகிள் இல்லை. ஆகவே 'விஷம் தோய்ந்தது' என்ற அடையை அந்த அம்பின் மேல் ஏற்ற முடியாது. எந்த அம்பு என்று சுட்டாமல் அடியின் வகையை மட்டும் சொல்வதற்கு அது வந்திருக்கிறது. 1660-இல் போர்-ரொயால் மடத்தோடு தொடர்புடைய ஆர்னோவும் லான்ஸ்லோவும் எழுதிய இலக்கணம் இந்த விதியைத் தர்க்கத்தோடு இணைத்து, ஆர்ட்டிகிள் இல்லாவிட்டாலும் வேறு வழியில் வரையறுக்கப்பட்ட பெயர் போதும் என்று தளர்த்தியது. அரசவை நாகரிகமாகத் தொடங்கிய ஒன்று இங்கே மொழியியலாகிவிட்டது. அந்த நூற்றாண்டின் இலக்கண வேலைகளில் இதுவே மேலானது.

பெயரடை இடம் மாறினால் பொருள் மாறும் வழக்கமும் இப்படித்தான் கெட்டிப்பட்டது. 'கிரான்' என்ற பெயரடை மனிதனுக்கு முன்னால் வந்தால் மாமனிதர். பின்னால் வந்தால் உயரமானவர். பிரான்சின் முன்னாள் அதிபர் தெ கோல் இரண்டும் ஆவார். 'பழைய' என்பது தேவாலயத்துக்கு முன்னால் நின்றால் அது ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்த கட்டடம். பின்னால் நின்றால் தொன்மையான தேவாலயம். பின்னால் வரும் அடை பொருளை வகைபிரிக்கும், முன்னால் வரும் அடை பேசுபவரின் மதிப்பீட்டைச் சொல்லும் என்று பொதுவாகக் கூறலாம். ஆங்கிலத்திலும் இதன் சாயல் உண்டு. நம் ஊர் அலுவலகக் கூட்டக் குறிப்புகளில் 'மெம்பர்ஸ் பிரசென்ட்' என்று எழுதினால் வந்திருந்த உறுப்பினர்கள். 'பிரசென்ட் மெம்பர்ஸ்' என்றால் தற்போதைய உறுப்பினர்கள்.

19-ஆம் நூற்றாண்டில் ரயிலும் தபாலும் ஆலைகளும் வந்து, புதுப் பொருள்களுக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தபோது இரு மொழிகளும் இன்னும் விலகின. ஆங்கிலம் பெயர்மேல் பெயராக அடுக்கியது: 'ரயில்வே ஸ்டேஷன் வெயிட்டிங் ரூம்'. தமிழும் அதே வரிசையில் 'ரயில் நிலையக் காத்திருப்பு அறை' என்று அடுக்கிவிடும். பிரெஞ்சு அறையில் தொடங்கி, 'த' போட்டுக் காத்திருப்பைச் சொல்லி, மறுபடி 'த' போட்டு நிலையத்தில் முடிக்க வேண்டும். எங்கே எதனோடு எது சேர்கிறது என்ற தெளிவு அதில் கிடைக்கிறது, சுருக்கம் கிடைப்பதில்லை. அபூர்வமாகப் பிரெஞ்சு இரண்டு பெயரை நேராக ஒட்டும்போதும் தலைமைச் சொல் முன்னால்தான் நிற்கும். 1849-இல் பிரான்ஸ் முதல் அஞ்சல் தலையை வெளியிட்டது. அஞ்சல் தலைக்கு அங்கே 'தேம்ப்ர்-போஸ்த்', அதாவது 'தலை அஞ்சல்'.

பன்னாட்டு அமைப்புகள் பெருகியதும் இந்த வேறுபாடு சுருக்கெழுத்துகளில் வெளிப்பட்டது. 1949-இல் உருவான வட அட்லாண்டிக் ஒப்பந்த அமைப்பு ஆங்கிலத்தில் நேட்டோ, பிரெஞ்சில் ஓட்டான். எழுத்துகள் அப்படியே பின்னிருந்து முன்னாக மாறியவை. 1904-இல் பாரிஸில் பிறந்த ஃபிஃபாவின் முழுப்பெயர் பிரெஞ்சு. அதன் கடைசி இரு சொற்களான 'ஃபுட்பால் அசோசியேஷன்' சங்கத்தைக் குறிப்பதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது 'அசோசியேஷன் ஃபுட்பால்' என்ற ஆட்டத்தின் பெயர். பிரெஞ்சு வரிசையில் திருப்பிப் போடப்பட்டிருக்கிறது.

உலக நேரத்துக்குப் பெயர் வைத்தபோது இந்த வரிசைச் சண்டை மேசைக்கே வந்தது. ஒருங்கிணைந்த உலக நேரம் என்பதை ஆங்கில வரிசையில் சுருக்கினால் 'சியூடி', பிரெஞ்சு வரிசையில் சுருக்கினால் 'டியூசி'. எல்லா மொழிக்கும் ஒரே சுருக்கம் வேண்டும் என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் விரும்பியது. வானியலாளர்கள் ஏற்கெனவே 'யூடி' என்ற எழுத்துகளோடு எண் சேர்த்து உலக நேரத்தின் பல வகைகளைக் குறித்து வந்ததால், அதோடு பொருந்தும்படி 'யூடிசி' தேர்வாயிற்று. அது ஆங்கிலத்தின் வரிசையும் இல்லை, பிரெஞ்சின் வரிசையும் இல்லை. இந்திய நேரம் அந்த யூடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது.